கல் இல்லாமல் வந்த பில்லியர்ட்ஸ் மேசை

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்து ஒரு சிவப்புப் பந்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். மேசைமேல் தட்டினார், முகர்ந்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம், "உள்ள எதுனா வச்சிருப்பானோ?" என்றார். அவரும் தட்டினார், முகர்ந்தார். ஒரு பந்தை ஆராய்வதற்கு அரசாங்கம் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறது. "பில்லியர்ட்ஸ் பந்து" என்று நான் சொன்னது அவர்கள் காதில் விழவில்லை. என் குரல் யார் காதிலும் ஒரு தடவையில் விழுந்ததில்லை.

அந்தக் காலமாக இருந்தால் அவர்கள் சந்தேகத்தில் நியாயம் இருந்திருக்கும். முன்பு இந்தப் பந்துகளை யானைத் தந்தத்தில் கடைந்தார்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும், மழைக்காலத்தில் கோணிக்கொள்ளும் என்று அவற்றைப் பிள்ளை மாதிரி பொத்தி வைப்பார்களாம். துரைமார் சாயங்காலப் பொழுதைப் போக்க ஒரு யானை சாக வேண்டியிருந்தது. இப்போது பிளாஸ்டிக் மாதிரி ஏதோ ஒன்றில் வார்க்கிறார்கள். யானை தப்பித்துவிட்டது. கூலிக்காரன்தான் வந்து மாட்டிக்கொண்டான்.

இதை நான் சொல்லலாம். மலேசியாவின் ஈப்போவில் ஒரு சீன முதலாளியின் ஸ்னூக்கர் கூடத்தில் எனக்கு வேலை. பச்சைத் துணியைத் தூரிகையால் தடவி இஸ்திரி போடுவது, கோலின் நுனியில் தோல் ஒட்டுவது, ஆட்டம் முடிந்ததும் பந்துகளை முக்கோணச் சட்டத்துக்குள் அடுக்குவது. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவனுக்கு இது போதும் என்று முதலாளியும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

ஊருக்குப் போனது ஏழுமலை மாமாவால். அவர் என் அக்கா பச்சையம்மாளின் கணவர். எழுபதுகளின் தொடக்கத்தில் மலேசியாவில் வேலை செய்ய அனுமதிச் சீட்டுக் கிடைக்காமல் போனவர்களில் அவரும் ஒருவர். அக்காவை அழைத்துக்கொண்டு கப்பலேறித் திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஊர் போய்த் திரும்பிய ஒருவரிடம் சொல்லி அனுப்பினார்: தான் பில்லியர்ட்ஸ் கூடம் திறக்கப் போவதாகவும், பந்தும் தோலும் சுண்ணக்கட்டியும் வாங்கிக்கொண்டு நான் உடனே வரவேண்டும் என்றும். மாமா தன் வாழ்நாளில் ஒரு கோலைக் கூடத் தொட்டவர் இல்லை.

மதராஸிலிருந்து வந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. மூன்று பேர் உட்காரும் இடத்தில் நான்கு பேரும் ஒரு வாழைத்தாரும் இருந்தோம். வாழைத்தாருக்கு ஜன்னல் பக்கம். செஞ்சி தாண்டி, கண்டக்டருக்குச் சாப்பாடு இலவசம் என்று முகத்திலேயே எழுதியிருந்த ஓர் ஓட்டலில் நிறுத்தினார்கள். சாம்பார் என்று ஊற்றியதில் இருந்த ஒரே காய் என் இலைக்கு வருவதற்குள் எதிர் வரிசைக்குப் போய்விட்டது. அங்கிருந்து கிளம்பினால் டயர் போயிற்று. டிரைவர் அதைப் பார்த்துவிட்டுப் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். எங்கள் ஈப்போவில் பஸ் நின்றால் அடுத்த பஸ் வரும். இங்கே பஸ் நின்றால் முறுக்கு விற்பவர் வருகிறார்.

பஸ் நிலையத்தில் மாமா காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, கைக்கடிகாரம், மலேயாக்காரர் என்று தெரிவதற்காகப் போட்ட கறுப்புக் கண்ணாடி. என்னை விட்டுவிட்டுப் பையைத்தான் முதலில் தடவிப் பார்த்தார்.

"பந்து இருக்குது இல்ல மச்சான்?"

"இருக்கு மாமா."

"அப்போ கவல இல்ல. டேபிளு வந்து எறங்கிடுச்சு. நீ பாத்து சரின்னு சொல்லணும், அவ்ளோதான்."

வீடு ஊர் ஓரத்தில், வேங்கிக்கால் பக்கம். மேசை வந்து இறங்கியிருந்த இடம் மாட்டுக் கொட்டகை. பாதிக் கொட்டகையில் மேசை நின்றது. மீதிப் பாதியில் இரண்டு பசுக்களும் ஒரு கன்றும், வந்த விருந்தாளியைப் பிடிக்காத மாதிரி சுவரோரம் ஒண்டி நின்றன. மதராஸில் மூடிப்போன ஒரு பழைய கிளப்பிலிருந்து வாங்கியதாம். எட்டுக் கால்கள். ஒவ்வொன்றும் கோயில் தூண் மாதிரி கடைசல். ஓரத்தில் பித்தளைத் தகட்டில் இங்கிலீஷில் ஏதோ இருந்தது. பசு அதை நக்கி நக்கிப் பளபளப்பாக்கியிருந்தது.

அன்றைக்குச் சோறு போடும்போது அக்கா மெதுவாகச் சொன்னாள். "தம்பி, வெள்ளிக்கிழம மாட்டுத் தரகர் வராரு. மாடு ரெண்டையும் ஓட்டிட்டுப் போயிட்டா கொட்டாய் முழுசும் டேபிளுக்குன்னு ஒங்க மாமா சொல்லிட்டாரு. நான் இத்தன வருசமா லாட்ஜுக்குப் பால் ஊத்தித்தான் இந்த வீட்ட நடத்தறேன். அவரு எதுவும் நடத்தல. நீ வந்து சரின்னு சொன்னா மாடு போயிடும். வேணாம்னு சொன்னா அவரு கேப்பாரு. இந்த விசயத்துல ஒன்ன மட்டுந்தான் பெரிய ஆளா நெனச்சிருக்காரு."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். யாரிடமும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத ஆள் கடல் கடந்து வந்ததும், அந்த ஒன்றைத்தான் சொல்லச் சொல்கிறாள்.

மறுநாள் காலையில் மேசையைப் பார்த்தேன். துணிக்குப் பதில் ஒரு பச்சைப் போர்வையை இழுத்து ஆணியடித்திருந்தார்கள். ஒரு பந்தை நடுவில் வைத்தேன். அது என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, தானாகவே உருண்டு வடக்குப் பக்கம் போய், விளிம்பில் முட்டி, அங்கேயே நின்றுகொண்டது. இன்னொன்றை வைத்தேன். அதுவும் அங்கேயே போயிற்று. விரலால் தட்டிப் பார்த்தபோது 'டொம் டொம்' என்றது.

"மாமா, கல்லு எங்க?"

"இன்னா கல்லு?"

"போர்வைக்குக் கீழ கல்லு இருக்கணும். அஞ்சு பலகைக் கல்லு. பக்கத்துல பக்கத்துல சேர்த்து, மேல துணி இழுக்கறது."

"மரத்து மேல எவன்டா கல்லு வைப்பான்? நான் தோட்டத்துக் கிளப்பையே பாத்தவன். பச்சையாதான் இருந்துச்சு, கல்லுன்னு ஒண்ணும் இல்ல."

தோட்டத்துக் கிளப்பை அவர் பார்த்தது ஜன்னலுக்கு வெளியிலிருந்து. துரையின் நாயைச் சங்கிலியோடு பிடித்துக்கொண்டு நிற்பது இளவயதில் அவர் வேலை. நாய் கூட உள்ளே போகும், அவர் போக முடியாது. துணிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அங்கே யார் அவருக்குச் சொல்லியிருப்பார்கள். துரைமாருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். மேசையை அறிந்தவன் மார்க்கர் ஒருவன்தான். கணக்கைச் சொல்லிக்கொண்டு சுவரோரம் நிற்கும் அந்த ஆளுக்குத் தப்பாக அடிக்கும் துரையையும் "நல்ல அடி" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆணியைப் பிடுங்கிப் போர்வையை விலக்கினோம். கள்ளிப்பெட்டிப் பலகைகள். மேசை மேலே வெறும் சட்டமாக வந்து இறங்கியதால் மாமா ஆசாரியை வைத்து அடித்தவையாம். ஒன்றில் ஆப்பிள் படம் இருந்தது. அக்கா பால் குண்டானோடு நின்று அந்த ஆப்பிளைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

மாமா லாரி ஆபீசுக்கு ஓடினார். லாரி பெங்களூர் போயிருக்கிறது, புதன்கிழமை வரும் என்றார்கள். அதுவரை என்னைச் சும்மா விடாமல் செங்கம் ரோட்டில் ஆசிரமப் பக்கம் அழைத்துப் போனார். அவர் கணக்கெல்லாம் அங்கே திரியும் வெள்ளைக்காரர்கள் மேல்தான்.

அந்தத் தெருவில் நான் கண்ட மாதிரி வெள்ளைக்காரர்களை மலேயாவில் கண்டதில்லை. அங்கே இருந்தவர்கள் நம்மைச் செருப்பில்லாமல் நிறுத்திவிட்டு பூட்ஸ் போட்டு நடந்தார்கள். இவர்கள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வெயிலில் தார் ரோட்டில் குதித்துக் குதித்து நடக்கிறார்கள். டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீ கேட்கிறார்கள். கடைக்காரர் சர்க்கரை போட்ட டீயின் காசை வாங்கிக்கொள்கிறார். இரண்டு பேருக்கும் திருப்தி.

மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். நீளத் தாடி, காவி வேட்டி. மாமா தன் தோட்டத்து இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னார். கையால் கோலைப் பிடித்துக் குத்துவது போலக் காட்டினார். தாடிக்காரர் கண்ணை மூடித் திறந்து நிதானமாகச் சொன்னார். ஸ்னூக்கர் கூடத்தில் சீனர்கள் பேசும் இங்கிலீஷ் பழகியதால் எனக்கு அது புரிந்தது. "என் அப்பா எங்கள் ஊரில் இந்தக் கூடம்தான் நடத்தினார். நான் வளர்ந்தது அந்தப் புகையில். ராத்திரி அவர் தோற்றால் எங்களுக்கு அடி விழும். இங்கே வந்த பிறகுதான் அந்தப் பந்துச் சத்தம் என் காதை விட்டுப் போயிருக்கிறது."

மாமாவுக்கு அதில் 'அப்பா' என்பதும் 'கூடம்' என்பதும் மட்டும் புரிந்தன. "கேட்டியா மச்சான், அவங்கப்பனே இத வச்சிருந்தாராம். மொத ஆளா வந்து நிப்பாரு பாரு" என்று என் தோளில் தட்டினார். அவர் சொன்னது அதுவல்ல என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமா தாடிக்காரருக்கு வடை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தாடிக்காரர் பேச்சில் இந்த ஆட்டத்துக்கு ஒரு பெயர் சொன்னார். அவர்கள் ஊரில் அதுதான் பெயராம்; இங்கிலீஷில் குளத்துக்கும் அதே சொல்தான். சின்னதாக, வாயில் நன்றாக உருளுகிறது என்று மாமா அதையே போர்டில் எழுத முடிவு செய்துவிட்டார். அந்த இங்கிலீஷ் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று நான் இங்கே எழுதமாட்டேன். தமிழர் யாரும் உரக்கப் படித்துப் பார்த்துக்கொள்ளலாம், வீட்டில் பெண்கள் இல்லாதபோது. ஈப்போவிலும் இதனால்தான் நாங்கள் ஸ்னூக்கர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். போர்டு எழுதப் போன கடையில், அந்தச் சொல்லைக் கேட்டதும் பெயிண்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, இங்கிலீஷ்ல எழுதச் சொன்னா எழுதறேன். தமிழ்ல இத எழுதிட்டு நான் எம் பொண்டாட்டி மூஞ்சில எப்பிடி முழிக்கறது?"

"அது வெளிநாட்டு வார்த்தடா."

"வெளிநாட்டுல இருக்கற வரைக்கும் அது வெளிநாட்டு வார்த்த. மேல சாமி பேரு வேற எழுதச் சொல்றீங்க."

மாமாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. பெயிண்டர் அவர் காதில் குனிந்து சொன்னார். மாமா கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார்.

புதன்கிழமை லாரி வந்தது. டிரைவர் கொஞ்சமும் கூசாமல் ஒப்புக்கொண்டார். "கல்லா? ஆமா, இருந்துச்சு. லோடு கம்மி, வண்டி ஆடாம இருக்கறதுக்கு எவனோ பாரம் வச்சு அனுப்பிருக்கான்னு நெனச்சேன். கீழ்பென்னாத்தூர்கிட்ட ஸ்பிரிங் பட்டை உடஞ்சிடுச்சு. டேபிள எறக்க முடியுமா? கல்ல எறக்கிட்டேன். பரோட்டாக் கடை பாய் கேட்டாரு, குடுத்துட்டேன். பட்டை ரெடியாவற வரைக்கும் எனக்கும் கிளீனருக்கும் சாப்பாடு போட்டாரு, நல்ல மனுசன்."

இங்கிலாந்திலிருந்தோ எங்கிருந்தோ கப்பலில் வந்து, ஒரு மயிரிழை மேடு பள்ளம் இல்லாமல் இழைத்து, துரைமார் ஆட்டத்தைத் தாங்கிய கல்லுக்கு இங்கே கிடைத்த விலை பரோட்டாவும் சால்னாவும். அதன் தகுதிக்கு அது சரியான விலை என்றுதான் எனக்குப் பட்டது.

வியாழக்கிழமை காலை கீழ்பென்னாத்தூர் போனோம். மல்லாட்டை என்று இங்கே சொல்லும் நிலக்கடலை மூட்டைகளோடு வேனில் நின்றுகொண்டே பயணம். கடை ரோட்டோரத்தில். வாசலில் இரண்டு கற்களைச் செங்கல்மேல் வைத்துப் பெஞ்சு ஆக்கியிருந்தார்கள். ஒன்று சாக்கடைக்கு மூடி. ஒன்றின்மேல் தண்ணீர் டிரம். ஐந்தாவதைப் பாய் தனக்கென்று வைத்திருந்தார். அவர் மாவு வீசும் இடம் அதுதான். கல்லின் ஒரு மூலையில், பந்து விழுவதற்காக வெட்டியிருந்த வளைவில், எண்ணெய்க் கிண்ணத்தை உட்கார வைத்திருந்தார். அளவெடுத்துச் செய்தது போல அது பொருந்தியிருந்தது.

மாமா விஷயத்தைச் சொன்னார். பாய் மாவை வீசிக்கொண்டே கேட்டார்.

"அப்போ இது வெளயாட்டுக் கல்லுன்றீங்க."

"ஆமா பாய்."

"பெரியவங்க வெளயாட்டா, சின்னப்பசங்க வெளயாட்டா?"

"பெரியவங்க."

"இவ்ளோ பெரிய கல்ல வச்சுகினு இன்னா பண்ணுவாங்க?"

"பந்த ஓட்டைக்குள்ள தள்ளுவாங்க."

பாய் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மாவைக் கல்லில் அடித்தார். கல் குளிர்ச்சியாக இருப்பதால் மாவு ஒட்டவே இல்லை. காற்றில் துணி மாதிரி விரிந்து, விளிம்பு தெரிய இறங்கியது. இரண்டு பரோட்டா தட்டில் வைத்துத் தந்தார். ஈப்போவில் நாங்கள் சாப்பிடும் ரொட்டி சானாய் நல்ல பண்டம்தான். ஆனால் அது இதற்கு முன்னால் நிற்காது. இந்தப் பயணத்தில் நான் குறை சொல்லாமல் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

"மத்த நாலையும் எடுத்துக்கங்க. இது மட்டும் வேணாமே" என்றார் பாய். மாமா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி அண்ணே. உங்களுக்கு இதுதான் பொழப்புன்னா எடுத்துகினு போங்க. எனக்கு நம்ம ஊருக் கல்லு ஒண்ணு கெடைக்காமப் போயிடாது. எங்கிட்ட இருக்கறதுக்கு அல்லா இத்தினி நாள் குடுத்தான், அது போதும்."

மாமாவின் முகம் விரிந்தது. "கேட்டியா மச்சான். அஞ்சும் கெடச்சிடுச்சு. இப்போ சொல்லு, டேபிளு ஆயிடும் இல்ல?"

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கல்லைப் பார்த்தேன்.

"ஆயிடும் மாமா. நான் மட்டம் பாத்து வச்சுக் குடுத்தா நல்ல டேபிள் ஆயிடும்."

"அது போதும்."

"ஆனா வேணாம்."

என் குரல் ஒரே தடவையில் அவர் காதில் விழுந்துவிட்டது. அது எனக்கே ஆச்சரியம். "இன்னா சொன்ன?" என்றார்.

"அந்த தாடிக்காரன் வர மாட்டான் மாமா. அவன் அப்பன் கூடத்த மறக்கத்தான் இங்க வந்திருக்கான். அததான் ஒங்ககிட்ட சொன்னான். ஒங்ககிட்ட வர்றது யாரு? லாரி கிளீனரும் பஸ் ஸ்டாண்டு ஆளுங்களும். சம்பளத்த பந்தயம் கட்டுவாங்க. ஈப்போவுல நான் தெனமும் பாக்கறேன். அவங்க சம்சாரம் வந்து வாசல்ல நிக்கும். உள்ள வர வெக்கப்பட்டுட்டு என்னத்தான் கூப்பிட்டு விடச் சொல்லும். இங்க அந்த வாசல் அக்கா வீட்டு வாசலு. அவங்களுக்கு அக்கா என்னா பதில் சொல்லும்? மாடும் இருக்காது, பால் ஊத்தப் போறேன்னு சொல்லிட்டு வெளிய போகவும் முடியாது."

மாமா என்னை உற்றுப் பார்த்தார். "நீ அங்க நின்னு தொடைக்கலாம். நான் இங்க சொந்தமா ஒண்ணு வைக்கக் கூடாது. அப்பிடித்தான?"

"தொடைக்கறவன்தான் சொல்றேன் மாமா."

அவர் பெஞ்சில், அந்தக் கல்லின்மேலேயே, உட்கார்ந்தார். பாயைப் பார்த்துச் சொன்னார். "அந்தக் கிளப்புல ஜன்னல் கண்ணாடி ஒசரமா இருக்கும் பாய். நாய்ச் சங்கிலிய ஒரு கையில புடிச்சுகினு எக்கி எக்கிப் பாப்பேன். பச்சையா ஒரு மூலைதான் தெரியும். முழு டேபிள ஒரு நாளும் பாத்ததில்ல." பாய் அவர் தட்டில் ஒரு பரோட்டா வைத்தார். இந்த விளையாட்டின் மேல் எனக்கு இருந்த வெறுப்பு அந்த இடத்தில் இன்னும் ஒரு மடங்கு ஏறியது. விளையாடியவனைக் கெடுத்தது சரி, எட்டிப் பார்த்தவனையும் விடவில்லையே.

கற்களை எடுக்க வண்டி கொண்டுவருவதாகவும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் மாமா எழுந்து வந்துவிட்டார். வீட்டில் அக்காவுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. "சொல்லிட்டேன்" என்றேன். "இன்னா சொன்னாரு?" என்றாள். "பரோட்டா சாப்பிட்டாரு" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தரகர் வந்தார். தோளில் துண்டு, வாயில் வெற்றிலை. கூடவே ஒரு மாட்டு வண்டிக்காரர். அக்கா மூத்த பசுவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். தரகர் நேரே பசுவிடம் போய் அதன் வாயைத் திறக்கப் போனார்.

"அது இல்ல" என்றார் மாமா. "இது." மேசையைக் காட்டினார்.

தரகர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "யோவ், நான் மாட்டுத் தரகன்யா."

"காலு இருக்குது இல்ல? உன் மாட்டுக்கு நாலு. இதுக்கு எட்டு."

"பல்லு?"

"தீனி திங்காது. பல்லு எதுக்கு?"

தரகர் சிரித்தார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், காலைத் தட்டினார், விளிம்பைத் தடவினார், குனிந்து வயிற்றுப் பக்கம் பார்த்தார். "தேக்கு" என்று தனக்குள் சொன்னதை மறைக்கப் பார்த்து இருமினார். பிறகு துண்டை எடுத்து மாமாவின் கைமேல் போட்டார். சந்தையில் செய்வது போலத் துண்டுக்கு அடியில் இருவரும் விரலைப் பிடித்துப் பேரம் பேசத் தொடங்கினார்கள். யார் எதைப் பிடித்தார்கள், எதை மடக்கினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தரகரின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு தடவை கையை உதறினார். மூன்றாம் தடவை உதறவில்லை.

அக்கா பசுவின் கயிற்றை முளையில் மறுபடி கட்டினாள். அரிவாளை எடுத்துக்கொண்டு மேசையிடம் வந்தாள். ஓட்டைகளுக்குக் கீழே பந்து விழுவதற்காகத் தொங்கிய வலைப் பைகளை ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தாள்.

"யம்மா, அது டேபிளோட சேந்தது" என்றார் தரகர்.

"கன்னுக்குட்டி மண்ணு திங்குது. வாய்க்கூடு வேணும்" என்றாள் அக்கா, அறுப்பதை நிறுத்தாமல்.

தரகர் மாமாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாமா ஒரு வலையைக் கையில் வாங்கி, விரித்துப் பார்த்து, அக்காவிடமே கொடுத்தார்.

"மாடு வித்தா கயிறு விக்கறவனுக்குத்தான? இதுக்கு இதான் கயிறு."

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்காரரைக் கூப்பிட்டார்.